நீல மை நின்ற இடம்

சுப்பராயனுக்கு வயிற்றுவலி தொடங்கியது 1935ஆம் வருஷத்து ஆடி மாதத்தில். அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. பேசின் பிரிட்ஜ் யார்டில் வேகனிலிருந்து கரி இறக்குகிற கூட்டத்தில் அவன்தான் முன்னால் நிற்கிறவன். கூடையைத் தலைக்கு ஏற்ற அவனுக்கு இன்னொருவன் கைகொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவன் சோறு தின்ற அரைமணி நேரத்தில் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்திவிடுவான். ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டு தடவை வெளியே போனான். சில நாள் ரத்தமும் போனது. சாயங்காலமானால் உடம்பு கொதித்தது. பொங்கல் வருவதற்குள் அவனுக்கு விலா எலும்பு வெளியே தெரிந்தது.

கரிக் காண்ட்ராக்டுக்காரர்கள் கூலிகளுக்கென்று ஒரு டாக்டரை வைத்திருந்தார்கள். பெயர் கங்காதரம். செவ்வாய்க்கிழமைதோறும் யார்டுக்கு வந்து டைம்கீப்பர் அறையில் உட்காருவார். உடம்பு முடியாதவர்கள் வாசற்படிக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். புளியந்தோப்புச் சேரியிலிருந்து வருகிற கூலிகளை அவர் படியேற விடமாட்டார், தொட்டும் பார்க்கமாட்டார். நாக்கை நீட்டச் சொல்லி நாற்காலியிலிருந்தே பார்ப்பார். நோயாளிகளைப் பதிகிற சிக் புக்கில் ஒரு வரி எழுதுவார். அவ்வளவுதான் வைத்தியம்.

சுப்பராயன் நான்கு செவ்வாய்க்கிழமை அந்தப் படிக்குக் கீழே நின்றான்.

"வலது பக்கம் கீய கல்லு மாதிரி கீது சாமி. கை வெச்சுப் பாருங்க" என்றான் முதல் தடவை.

"சாராயத்தை நிறுத்து. கல்லு தானா கரையும்."

"நான் குடிக்கிறதில்ல சாமி."

"குடிக்கிறேன்னு இதுவரைக்கும் எவன் சொல்லியிருக்கான்?" என்றார் டாக்டர். வரிசையில் நின்றவர்களே சிரித்தார்கள்.

மற்ற மூன்று தடவையும் இதே பேச்சுதான். அதற்குப் பிறகு யார்டில் அவனுக்குக் குடிகாரன் என்றே பெயர் ஆகிவிட்டது. லீவு கேட்டால் மேஸ்திரி மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான்.

சுப்பராயனின் மனைவி மலர்க்கொடி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பௌத்த சங்கத்துக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்லுகிற குடும்பம் அது. மதுவைத் தொடுவதில்லை என்று கல்யாணத்தன்றே இருவரும் சேர்ந்து சொன்னவர்கள். சங்கத்துப் பள்ளியில்தான் அவள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றாள். படித்த மனிதர் பொய் சொல்லமாட்டார் என்கிற எண்ணமும் அங்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். டாக்டர் சொன்னது புளியந்தோப்பு வரைக்கும் வந்து சேர்ந்தபோது அவள் டாக்டரை நம்பினாள்.

"வாயத் தொற" என்று தினமும் சாயங்காலம் புருஷனின் வாயை மோந்து பார்த்தாள். வாடை ஒன்றும் இல்லை. ஏலக்காய் மென்று மறைக்கிறான் என்று நினைத்தாள்.

"நீயும் நம்பறியா மலரு?" என்று அவன் கேட்டான்.

"டாக்டரு இன்னாத்துக்கு உம்மேல பொய் சொல்லப் போறாரு? அவருக்கும் உனக்கும் இன்னா வாய்க்கா தகராறா?"

ஒரு நாள் அவன் யார்டிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தான். வலியில் கால் நிற்கவில்லை. அவள் அதைக் குடித்த தள்ளாட்டம் என்றே எடுத்துக்கொண்டு, அவனுடைய பாயைச் சுருட்டி வாசலில் போட்டாள். அக்கம்பக்கத்தார் பார்க்க அவன் அங்கேயே சுருண்டு படுத்தான்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1937 வைகாசியில் ஒரு காலை வேகனுக்கும் கரிக்குவியலுக்கும் நடுவில் அவன் விழுந்தான். வயிறு பலகைபோல இறுகிக் கிடந்தது. யார்டு ஆட்கள் கைவண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மத்தியானம் செத்துப்போனான்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் மெக்லியட் துரை. இருபது வருஷமாக இங்கேயே இருக்கிற வெள்ளைக்காரர். வேதபுஸ்தகத் தமிழில் பேசுவார். அவர் மலர்க்கொடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"அம்மா, உம்முடைய புருஷன் எந்த வியாதியினால் மரித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. சரீரத்தைத் திறந்து பார்க்கச் சம்மதிப்பீரா?"

"தொறந்து பாத்தா குடிச்சானா இல்லியான்னு தெரியுமா?"

"பெரும்பாலும் தெரியும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் துரை மறுபடியும் கூப்பிட்டார்.

"ஈரல் நன்றாயிருக்கிறது. குடியனுடைய ஈரல் அல்ல. சிறுகுடலின் கடைசிப் பாகம் தடித்துப் புண்ணாகி ஓட்டை விழுந்திருக்கிறது. க்ஷயமும் அல்ல. வெகுகாலமாய் இருந்த வியாதி. வெளியே கை வைத்தாலே கட்டி தட்டுப்பட்டிருக்கும். முன்னே ஒருவரும் பார்க்கவில்லையா?"

மலர்க்கொடி எழுந்து வெளியே வந்தாள். மூலக்கொத்தளம் மயானத்தில் அவனை அடக்கம் செய்துவிட்டு வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குள் ஓடியது. கை வைத்தாலே. அன்றைக்கு அவள் அழவில்லை. கங்காதரம் என்கிற பெயரை மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

டாக்டர் கங்காதரத்துக்கு யார்டு வேலை போகத் தண்டையார்பேட்டையில் சொந்த டிஸ்பென்சரி ஒன்று இருந்தது. அதோடு மிஷன் ஆஸ்பத்திரிக்கும் வெள்ளிக்கிழமைகளில் வந்து வார்டு பார்ப்பார். இதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் மலர்க்கொடி துரையிடம் போய் வேலை கேட்டாள். துரை இரக்கப்பட்டு, ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பரிசோதனை அறையில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கொடுத்தார்.

அந்த வேலைதான் வேண்டும் என்று அவளும் கேட்டிருந்தாள். கண்ணாடி கழுவுகிற இடத்தில் திராவகம் இருக்கும்.

அறைக்குப் பொறுப்பு ஹபீபுல்லா. நாற்பது வயது. டாக்டர்கள் வெட்டியெடுத்த உறுப்புகளைப் பதப்படுத்தி ஜாடியில் வைப்பது அவர் வேலை. இங்கிலீஷ் பள்ளியில் போய்ப் படித்தவர் அல்ல. பதினெட்டு வருஷம் லேபிள் எழுதி எழுதியே இங்கிலீஷ் படிக்கக் கற்றவர். அதிகம் பேசமாட்டார். மலர்க்கொடி எத்தனை ஜாடி கழுவினாள் என்று பார்ப்பாரே தவிர, அவள் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கவனிக்கவில்லை.

அவள் பார்த்தது மேல் தட்டில் இருந்த திராவகப் புட்டியை. மூன்று வாரம் கழித்து அதிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கண்ணாடி மூடி போட்டுக் கட்டினாள். வெள்ளிக்கிழமை வந்தது. குப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்துத் தூணோரம் நின்றாள். அந்த முகம், அந்தச் சிரிப்பு, நாற்காலியிலிருந்து நாக்கைப் பார்த்த அந்தக் கண்கள் எல்லாம் ஒரே நொடியில் வெந்துபோக வேண்டும். பிறகு தூக்கில் போட்டாலும் சரி.

கங்காதரம் வந்தார். வார்டுக்குப் போகாமல் நேராகப் பரிசோதனை அறைக்குள் நுழைந்தார். மலர்க்கொடி கதவோரம் ஒதுங்கினாள்.

"அந்த இருநூற்றுப் பன்னிரண்டை எடு" என்றார் ஹபீபுல்லாவிடம். ஹபீபுல்லா ஒரு பெரிய ஜாடியை மேஜைமேல் வைத்தார். உள்ளே தடித்துப்போன ஒரு முழக் குடல். அதை ஒட்டிய சவ்வில் நூல் நூலாக நீலக் கோடுகள்.

"கரி யார்டு கேஸ் இது. நாலு தடவை என்கிட்ட வந்திருக்கான். வலது அடிவயித்துல கட்டி என் கைக்குத் தெளிவாத் தட்டுப்பட்டதுன்னு கட்டுரையில எழுதியிருக்கேன். அடுத்த மாசம் டாக்டர்கள் கூட்டத்துல படிக்கப் போறேன். ஜாடியில என் பேரைப் போட்டு லேபிள் எழுது."

அந்தக் குடல் யாருடையது என்பது மலர்க்கொடிக்கு அப்போதுதான் தெரிந்தது. துரை ஒரு துண்டை எடுத்து வைத்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. குப்பியின் மூடியை அவிழ்த்துக்கொண்டே ஒரு அடி எடுத்து வைத்தாள். அந்த அடியிலேயே நின்றுவிட்டாள்.

முகம் வெந்தால் ஊரே அவருக்காகப் பரிதாபப்படும். நல்ல டாக்டர்மேல் பைத்தியக்காரி ஒருத்தி திராவகம் வீசிவிட்டாள் என்று பேசும். கட்டுரையை வேறொருவர் படித்துக் கைதட்டல் வாங்கித் தருவார். சுப்பராயனைத் தொட்டுப் பார்த்த புண்ணியவானாகவே அவர் கண் மூடுவார்.

அப்படி விடக்கூடாது என்று அவள் குப்பியை மூடினாள். கங்காதரம் அவளைத் தாண்டி வார்டுக்குப் போனார். அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

ஹபீபுல்லா அவள் கையைப் பார்த்துவிட்டார். குப்பியை வாங்கி மோந்தார்.

"அரே, இது யாருக்கு?"

"இப்போ போறாரே, அவருக்கு. அந்த ஜாடில கீறது என் புருசன், பாய்."

ஹபீபுல்லா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மலர்க்கொடி நான்கு செவ்வாய்க்கிழமைகளையும் சொன்னாள். அவர் எழுந்து ஜாடியை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்த நீலம் நான் போட்டது. கேக்கறியா, இல்ல பாக்க முடியாதா?"

"சொல்லு பாய். பாக்கறேன்."

"குடலுலேர்ந்து வெள்ளையா நூலு மாதிரி கொயாய் போவும். தின்ன கொயுப்பு, குடலுல கசியற தண்ணி, எல்லாத்தையும் வாரிகினு போறது அதுதான். நல்ல குடலுல ஊசியால நீல மை வுட்டா சரசரன்னு ஓடி மேல உருண்டையா கீற நிணக் கட்டிக்குப் போய்டும். ஒன் வூட்டுக்காரரு குடலு வந்தப்ப, அந்தக் கொயாயெல்லாம் வீங்கி கயிறு மாதிரி இருந்துச்சு. தொரை பாக்கச் சொன்னாரு. நான் கண்ணாடி ஊசி வெச்சு மூணு நாளு குந்தி மை ஏத்துனேன். ரெண்டு வெரக்கடை போச்சு. அங்க நின்னுது. அப்பால திரும்பி குடலுக்குள்ளயே வந்துடுச்சு."

"அடச்சிகினு இருந்திச்சா?"

"ஆமா. போறதுக்கு வழியில்லாத தண்ணி குடலுலயே தேங்கி, அது வீங்கி, புண்ணாவுது. அமெரிக்காவுல ரெண்டு டாக்டருங்க நாய்க்கு இந்தக் கொயாய அடச்சுப் பாத்தாங்களாம். குடலு இப்டித்தான் ஆச்சாம். போன வருசம் பொஸ்தகத்துல வந்துது, தொரை சொன்னாரு. இந்த ஊர்ல இத்த மை வுட்டுக் காட்டுனவன் நான். இப்போ லேபிளுல அவரு பேரு."

மலர்க்கொடி ஜாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்லு மாதிரி கீது என்று அவன் சொன்ன இடம் இதுதான். அவளும்கூட ஒரு நாள் கை வைத்துப் பார்த்ததில்லை.

"கட்டுரைல இன்னா எய்தியிருக்காரு பாய்?"

"ஜாடி நம்பரு போட எங்கிட்ட குடுத்திருக்காரு. ஜனவரி இருபத்தொண்ணு, பிப்ரவரி நாலு, இருபத்தஞ்சு, மார்ச்சு பத்து. நாலு தேதில தொட்டுப் பாத்தேன், கட்டி பெருசாயிகினே வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னேன், அவன் கேக்கலன்னு எய்தியிருக்காரு."

"அவன் கேக்கலியாம்?" என்றாள் மலர்க்கொடி. "அந்தத் தேதிக்கெல்லாம் அவரு கைப்பட எய்துன பொஸ்தகம் யார்டுல கீது."

சிக் புக் டைம்கீப்பரிடம் இருக்கும். டைம்கீப்பர் பாஸ்கல் ராயபுரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் மாதாகோயில் வாசலுக்கு வந்தபோது மலர்க்கொடி எதிரே போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது.

"அது கம்பெனி பொஸ்தகம்மா. வெளிய போச்சுன்னா என் வேலை காலி. எனக்கு நாலு பொண்ணு."

"நாலு செவ்வாய்க்கெயமையும் நீ பக்கத்து மேஜைல குந்திகினு இருந்தே. அவரு கை நாற்காலிய வுட்டு எந்திரிச்சதா? நீயே சொல்லு."

"இல்ல."

"சிரிச்சியா நீயும்?"

பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டார். கோயிலிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மலர்க்கொடி குரலைத் தாழ்த்தவில்லை.

"நானும் சேந்துதான் அவன வாட்டுனேன் அண்ணே. அந்த டாக்டரு எய்துன ஒரு வரிய நம்பி, கட்டுனவன வாசல்ல தூங்க வெச்சேன். எனக்கு இனிமே நல்ல தூக்கம் கெடையாது. ஒனக்காவது இருக்கட்டும். குடுத்துடு."

பாஸ்கல் அன்றைக்கு ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். மூன்றாவது ஞாயிறு அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. "வேலை முடிஞ்சதும் குடுத்துடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். ஹபீபுல்லா அதைப் பிரித்துப் பார்த்தார். நான்கு தேதியிலும் சுப்பராயன் பெயருக்கு நேராக ஒரே வரி. 'குடி. வேலைக்குத் தகுதி.' கீழே டாக்டரின் கையெழுத்து.

டாக்டர்கள் கூட்டம் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சாயங்காலம் நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி வகுப்பறையில் நடந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். மெக்லியட் துரை நடுவில் உட்கார்ந்தார். கங்காதரம் வெள்ளைக் கோட்டும் தங்க வாட்ச் சங்கிலியுமாக மேடையில் நின்று இங்கிலீஷில் படித்தார். ஜாடிகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தரும் வேலை மலர்க்கொடிக்கு. ஹபீபுல்லா அவளருகே நின்று, எங்கே படிக்கிறார் என்பதை மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"தொட்டுப் பாத்தேன்னு சொல்றாரு, மொதல் தேதி... ரெண்டாவது தேதி... கட்டி வாயைக்கா மாதிரி நீளமா இருந்துச்சாம்... நாலாவது... இப்போ."

மலர்க்கொடி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் ஜாடியைத் துரையின் முன்னால் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் சிக் புக்கை விரித்து வைத்தாள். பக்கங்களில் காகிதத் துண்டு செருகியிருந்தது.

துரை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். அடுத்ததைத் திருப்பினார். நான்கையும் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். கங்காதரம் பாதி வாக்கியத்தில் நின்றார்.

"டாக்டர், இது உம்முடைய கையெழுத்துதானே?"

கங்காதரம் வந்து பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. "யார்டு புத்தகத்துல சுருக்கமாத்தான் எழுதறது. விவரமான குறிப்பு என் வீட்டுல இருக்கு. இதை இங்க கொண்டுவந்தது யார்?"

"நான்தான் சாமி" என்றாள் மலர்க்கொடி.

"யார் நீ?"

"ஜாடில கீறானே, அவன் பொஞ்சாதி."

பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கங்காதரம் துரையைப் பார்த்து, இந்தப் பெண்பிள்ளையை வெளியே அனுப்பச் சொன்னார். துரை அசையவில்லை. "அவள் பேசட்டும்" என்றார்.

மலர்க்கொடி மேடைக்கு அருகில் போனாள். இந்த நாளுக்காக அவள் எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையும் மறந்துபோயின. ஒன்றுதான் மிஞ்சியது.

"எந்தக் கையால தொட்டே?"

கங்காதரம் மறுபடியும் துரையைப் பார்த்தார்.

"நாலு தடவ தொட்டேன்னு இத்தினி பேருக்கு முன்னால படிச்சியே. எந்தக் கைய்யா அது? அவன படிமேல ஏத்துனியா? சட்டையத் தூக்கச் சொன்னியா? அவன் தொப்புளுக்குப் பக்கத்துல தீக்காய வடு ஒண்ணு பெருசா கீது. தொட்டவனுக்குத் தெரியும். எந்தப் பக்கம், சொல்லு."

"நூறு கூலியைப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொருத்தன் வடுவும் ஞாபகம் இருக்குமா?"

"கட்டி மட்டும் ஞாபகம் கீதா?"

முன்வரிசையில் ஓர் இளம் டாக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். துரை ஜாடியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நல்லது. குறிப்புகள் வீட்டில் இருக்கட்டும். டாக்டர், நிணநீர்க் குழாய்களுக்கு மை ஏற்றியது நீர் என்று எழுதியிருக்கிறீர். மை எந்த இடத்தில் நின்றது? இங்கே காண்பியும்."

கங்காதரம் ஒரு கணம் ஜாடியைப் பார்த்தார். பிறகு சவ்வின் அடியில், பெரிதாகத் தெரிந்த நிணக் கட்டியின் மேல் விரலை வைத்தார்.

"ஹபீபுல்லா" என்றார் துரை.

ஹபீபுல்லா முன்னால் வந்தார். கட்டிக்கு வெகுதூரம் தள்ளி, குடலிலிருந்து இரண்டு விரற்கடையில், நீலக் கோடுகள் எல்லாம் திடீரென்று தடித்து முடிகிற இடத்தைக் காட்டினார். "இங்க துரை. கட்டி வரைக்கும் போகவே இல்ல. மூணு நாளு நான்தான் ஏத்துனேன். எனக்குத் தெரியும்."

துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"டாக்டர் கங்காதரம், இந்தக் கட்டுரை இன்றைக்கு இங்கே வாசிக்கப்படவில்லை. கூட்டத்துக் குறிப்பேட்டில் அப்படியே எழுதுவோம்."

கங்காதரம் காகிதங்களை அடுக்கினார். இரண்டு தாள் கீழே விழுந்தன. எடுத்துக்கொடுக்க முப்பது பேரில் ஒருவரும் குனியவில்லை. அவரே குனிந்து எடுத்தார். அந்தக் குனிந்த முதுகை மலர்க்கொடி கண்கொட்டாமல் பார்த்தாள். சுப்பராயன் செத்த நாளிலிருந்து அவள் வயிறாரச் சாப்பிட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

ஆனால் அதோடு எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. கங்காதரம் உடல்நலம் சரியில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து விலகினார். கரிக் காண்ட்ராக்டுக்காரர்களோ அவரை ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை வெளியே கொடுத்ததற்காகப் பாஸ்கலைத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்துத் துறைமுகத்தில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ராயபுரத்தில் மலர்க்கொடியைக் கண்டால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவள் அவரைக் குறை சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை.

துரை அவளை வேலையில் வைத்துக்கொண்டார். லேபிளில் ஹபீபுல்லாவின் பெயரைப் போடச் சொன்னார். ஒரு நாள் ஜாடி துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் ஹபீபுல்லாவிடம் கேட்டாள்.

"அன்னிக்கே தொட்டுப் பாத்திருந்தா பொயச்சிருப்பானா பாய்?"

ஹபீபுல்லா பேனாவைக் கீழே வைத்தார். "தொரையாண்ட நானும் கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு. கொயாய் அடச்சதால நோவு வந்துச்சா, நோவு வந்ததால கொயாய் அடச்சுதா, அதுவே இன்னும் யாருக்கும் தெரியாதாம். அறுத்து எடுத்திருந்தா கொஞ்ச வருசம் இருந்திருக்கலாம். அறுக்கறப்பவே போயும் இருக்கலாம்."

"செத்தே போயிருக்கட்டும்" என்றாள் மலர்க்கொடி. "குடிகாரன்னு இல்லாம, நோவுல சாவறவன்னு ஊருக்குத் தெரிஞ்சு செத்திருப்பான் இல்ல. நானும் கஞ்சி வெச்சிக் குடுத்து, கூடக் குந்திகினு இருந்திருப்பேன். அத்தத்தான அந்த ஆளு எடுத்துகினான்."

அவளுக்குக் கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. காலை நேரங்களில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகுமுன் தண்டையார்பேட்டைக்கு நடந்துபோய், கங்காதரத்தின் டிஸ்பென்சரிக்கு எதிரே தெருவோரம் உட்காருவாள். உள்ளேயிருந்து வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "தொட்டுப் பாத்தாரா?" என்று கேட்பாள். பாத்தார் என்றால் விட்டுவிடுவாள். இல்லை என்றால் சுப்பராயன் கதையை முதலிலிருந்து சொல்லுவாள். கங்காதரம் போலீஸ்காரரைக் கூப்பிட்டார். "தெருவுல குந்தறதுக்கு இன்னா கேசு போடுவே?" என்று அவள் கேட்டாள். போலீஸ்காரர் கதையைக் கேட்டுவிட்டு, தன் மாமியாரை வேறு டாக்டரிடம் அழைத்துப்போனார்.

தீபாவளிக்குள் டிஸ்பென்சரி வாசலில் கூட்டம் இல்லை. பொங்கலுக்குள் யார்டு வேலையும் போயிற்று. கூலிகள் படிக்குக் கீழே நின்றுகொண்டு, தொட்டால்தான் நாக்கை நீட்டுவோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அடம்பிடித்தார்களாம். மாசி மாதம் கங்காதரம் வீட்டைக் காலி செய்துகொண்டு ரயிலேறினார். தெலுங்குப் பக்கம் கூடூரில் போய் டிஸ்பென்சரி போட்டிருக்கிறார் என்று தெரியவந்தது.

"வுடு மலரு. ஊர வுட்டே ஓட்டிட்டே" என்றார் ஹபீபுல்லா.

"அங்கயும் கூலிக்காரன் கீறான் இல்ல?"

தண்டையார்பேட்டையில் தெலுங்குக்காரர் ஒருவர் அரிசி மண்டி வைத்திருந்தார். அவருடைய மனைவி தெலுங்கில் எழுதத் தெரிந்தவள். மலர்க்கொடி அவளிடம் ஒரு தபால் கார்டு எழுதி வாங்கினாள். கூடூர் ரயில்வே ஸ்டேஷன் சுமைகூலிகளுக்கு என்று விலாசம். புதிதாக வந்திருக்கிற டாக்டர் என்ன செய்தார் என்று நாலு வரி. தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கடைசியில் ஒரு வரி. அதற்குப் பிறகு மாதம் ஒரு கார்டு போனது. அரிசி மண்டிக்காரர் மனைவிக்கு வாசகம் மனப்பாடமாகிவிட்டது.

பதில் என்று ஒன்று 1939 கார்த்திகையில்தான் வந்தது. கூடூர் ஸ்டேஷன் போர்ட்டர் யாரோ எழுதியிருந்தார். அந்த டாக்டர் இப்போது இங்கே இல்லை, கூலிகள் யாரும் அவரிடம் போகாததால் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார் என்றிருந்தது. மண்டிக்காரர் மனைவி அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

மலர்க்கொடி கார்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த ஊருக்குப் போனாருன்னு எய்தலியா?"

"இல்லம்மா."

"அப்போ அத்தக் கேட்டு இன்னொரு கார்டு எய்து" என்றாள்.